ஜாதிபத்திரி முதல் பாஸ்புக் வரை

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்குதாரர்களுக்குக் கொடுத்த முதல் ஈவுத்தொகை ரொக்கமல்ல, ஜாதிபத்திரி. 1602இல் தொடங்கிய அந்தக் கம்பெனியில் பணம் போட்டவர்கள், அதற்கு முன்பெல்லாம் கப்பல் திரும்பியதும் கணக்கை முடித்து முதலையும் லாபத்தையும் பிரித்துக்கொண்டு பழகியவர்கள். இங்கேயோ முதல் திரும்பி வரவில்லை. வேண்டுமானால் பங்கை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். முணுமுணுப்பு வலுத்தபோது, 1610 ஏப்ரலில், போட்ட முதலில் 75 சதவீத மதிப்புக்கு ஜாதிபத்திரியை எடுத்துக்கொள்ளச் சொன்னது கம்பெனி. நவம்பரில் மிளகும் கொஞ்சம் ரொக்கமும் வந்தன. சரக்கை விற்க முடியாது என்று பலர் மறுத்து, பணத்துக்காகக் காத்திருந்தார்கள். முதலைத் திருப்பித் தராத நிறுவனம், அந்த முதல் ஈட்டியதிலாவது பங்கு தர வேண்டும். ஈவுத்தொகைக்கு அடிப்படை நியாயம் இதுதான்.

அதே டச்சுக்காரர்கள் 1693இல் புதுச்சேரியைப் பிடித்து, 1699இல் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனிக்கும் பங்குதாரர்கள் இருந்தார்கள். இந்தக் கரையில் நெய்த துணி கப்பலேறி, பிரான்சில் ஏலம் போய், அந்த லாபம் அவர்களைச் சேர்வதுதான் முறை. ஆனால் 1720களில் புகையிலை விற்பனையின் ஏகபோக உரிமையை அரசர் கம்பெனிக்குத் தந்தார். அதன் பிறகு ஈவுத்தொகைக்குப் புகையிலை வருமானமே பெரிய ஆதாரமாகிவிட்டது. வாணிகம் செழித்ததா, நொடித்ததா என்பதை ஈவுத்தொகை சொல்லவில்லை. போர்கள் கம்பெனியைக் கடனில் தள்ளின. 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1769இல் கம்பெனியின் வாணிக ஏகபோகமும் நிறுத்தப்பட்டது.

இன்றைய ஈவுத்தொகை இயக்குநர் குழுக் கூட்டத்தில் பிறக்கிறது. தேய்மானம் கழித்த லாபத்திலிருந்து, அல்லது முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த லாபத்திலிருந்துதான் கொடுக்கலாம் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். இறுதி ஈவுத்தொகைக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலும் வேண்டும். அறிவித்த 5 நாளில் பணம் தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், 30 நாளுக்குள் பங்குதாரருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

வில்லியனூர் சாலையில், ரெட்டியார்பாளையத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் 200 பங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுவனம் 50 சதவீதம் அறிவிக்கிறது. இந்தச் சதவீதம் முகமதிப்பான 10 ரூபாய்க்கு. ஆக, பங்குக்கு 5 ரூபாய் வீதம் அவர் பாஸ்புக்கில் 1,000 ரூபாய் ஏறும். பங்கை அவர் 400 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், போட்ட பணத்துக்கு வந்தது ஒன்றேகால் சதவீதம்தான். ஈவுத்தொகைக்கான தகுதி முடியும் நாளில் பங்கின் விலையும் ஏறத்தாழ அந்த 5 ரூபாய் அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும்.

பிறகு ஏன் கொடுக்க வேண்டும்? வளரும் நிறுவனம் லாபத்தைத் தொழிலிலேயே போடுவது நல்லது. ஆனால் நல்ல முதலீடு எதுவும் கண்ணில் படாத நிறுவனத்தில் பணம் தேங்கினால், அது வீண் செலவுக்கே வழிவகுக்கும். அதை உரியவர்களிடம் கொடுப்பதே நேர்மை. பங்கை விற்காமலே அந்த ஆசிரியைக்கு மருந்துச் செலவுக்குப் பணம் கிடைக்கிறது.

முகவரியும் வங்கிக் கணக்கும் மாறியதைத் தெரிவிக்காவிட்டால் இந்தப் பணம் வழி தவறிவிடும். 7 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து 7 ஆண்டுகள் வாங்காமல் விட்டால் பங்குகளும் போகும். அங்கிருந்தும் விண்ணப்பித்து மீட்கலாம். அப்பாவின் பழைய பங்குப் பத்திரங்கள் வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். கையில் வரும் ஈவுத்தொகை தொழிலின் லாபத்திலிருந்து வருகிறதா என்று ஆண்டறிக்கையையும் ஒருமுறை புரட்டுங்கள். பிரெஞ்சுக் கம்பெனியின் ஈவுத்தொகை பதில் சொல்லாமல் விட்டது அந்தக் கேள்விக்குத்தான்.