நடவு அதிர்ச்சி

நடவு அதிர்ச்சி என்பது ஓரிடத்தில் வேரூன்றிய செடியைப் பறித்து வேறிடத்தில் நடும்போது, அது சில காலம் வாடி, இலை பழுத்து, வளர்ச்சி நின்றுபோகும் நிலை. நெல் நாற்று முதல் சாலையோர மரம் வரை எதற்கும் இது நேரும். உழவர் பேச்சில் இந்தத் துன்பத்தைவிட அதிலிருந்து மீள்வதற்கே சொற்கள் மிகுதி. நட்டது தலைநிமிர்ந்தால் ‘வேர் பிடித்துவிட்டது’ என்பார்கள். மஞ்சள் மாறி நிறம் திரும்பினால் ‘பச்சை பிடித்துவிட்டது’. நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சும் நீருக்கு ‘உயிர்த்தண்ணீர்’ என்று பெயர். நடும் அன்று ஊற்றிய நீர் வடிந்ததும் மண் இறங்கி, வேரைச் சுற்றிச் சிறு இடைவெளிகள் விழுகின்றன. மூன்றாம் நாள் நீர் அவற்றை மூடி மண்ணை வேரோடு ஒட்டவைக்கிறது. பெயர் மிகையன்று.

செடி நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் வேர்நுனிக்கு அருகிலுள்ள மெல்லிய வேர்த்தூவிகளால். பறிக்கும்போது முதலில் அறுபடுவது அவைதாம். மேலே இலைகள் முன்போலவே நீரை ஆவியாக்க, கீழே ஏற்றுவதற்கு ஆளில்லை. இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, நீரிழப்பு குறைகிறது, கூடவே உணவு தயாரிப்பும் குறைகிறது. புதுத்தூவிகள் வரும்வரை செடி கையிருப்பில் வாழ்கிறது.

செங்கல்பட்டுப் பகுதியின் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் நெல் பருவங்கள் மூன்றும் பெரும்பாலும் நாற்றங்காலை நம்பியவை. இன்று வீட்டுமனைகள் நிறைந்திருக்கும் மாடம்பாக்கம், முடிச்சூர் போன்ற ஏரியடி ஊர்களும் அந்த மரபைச் சேர்ந்தவையே. குறுகியகால நெல்லுக்கு 18 முதல் 22 நாள், நடுத்தர வயதுக்கு 25 முதல் 30 நாள், நீண்டகாலத்துக்கு 35 முதல் 40 நாள் என்று நாற்றின் வயது வகுக்கப்பட்டுள்ளது. வயது முற்றிய நாற்றைப் பறித்தால் அதிர்ச்சியும் கூடும், தூர் கட்டுவதும் குறையும். நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கத்தில் இரண்டு நன்மைகள் உண்டு: இலைப்பரப்பு குறைவதால் நீரிழப்பு குறைகிறது, இலைநுனியில் இருக்கும் தண்டுத்துளைப்பான் முட்டைக் குவியலும் கழிந்துபோகிறது.

இந்த அறிவு மிகத் தெளிவாக வெளிப்பட்டது திருந்திய நெல் சாகுபடியில். 1980களில் மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே உருவாக்கிய இம்முறை, தமிழ்நாட்டில் ‘ராஜராஜன் 1000’ என்ற பெயரிலும் பரப்பப்பட்டது. 14 நாள் நாற்றை, வேரில் மண்ணும் அடியில் விதையும் ஒட்டியிருக்க, குத்துக்கு ஒன்றாக 25 செ.மீ. இடைவெளியில் ஆழமில்லாமல் வைக்கிறார்கள். பறித்த அரைமணிக்குள் நட்டுவிட வேண்டும். விதையில் மிச்சமிருக்கும் உணவு நாற்றைத் தாங்குவதால் அது அதிகம் வாடுவதில்லை.

பெயர்த்து நடுவதைத் தாங்கும் திறனை வைத்துச் செடிகளை மூவகையாகப் பிரிக்கலாம். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை எளிதில் பிழைப்பவை. தக்காளி தண்டிலிருந்தே வேர்விடும் என்பதால் சற்று ஆழமாக நடலாம். வெண்டை, பூசணி, பாகல் ஆகியவை வேர் கலைந்தால் பொறுக்காதவை. நேரடியாக ஊன்றுவதே சரி. பனை தனி வகை. முளைத்தவுடன் கிழங்கை நேராகக் கீழே இறக்கிவிடுவதால், ஒற்றை ஓலை எட்டிப்பார்க்கும்போதே அது ஆழத்தில் நிலைத்துவிடுகிறது. ஆகவே பனங்கொட்டையை மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே புதைக்க வேண்டும். இதற்கு நேர்மாறானவை ஆலும் அரசும். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றிய தண்டுகளால் மரம் இன்றும் நிற்கிறது. எங்கிருந்தும் வேர்விடும் இந்த இயல்பினாலேயே, வேரோடு சாய்ந்த மரங்களை மீண்டும் நிறுத்தும்போது ஆல், அரசு வகைகள் முன்னிற்கின்றன. 2016 டிசம்பர் 12 அன்று கரைகடந்த வர்தா புயலில் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் சென்னையின் தென்புறநகர் முழுவதும் மரங்கள் பெருமளவில் வீழ்ந்தபின், இந்த வேறுபாடு நட்டு வளர்ப்பவர் அனைவருக்கும் பாடமானது.

தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தின் செம்மண்ணும் சரளையும் நடவுக்குக் கடினமானவை. குறுகிய குழி தோண்டி நல்ல மண்ணை நிரப்பினால், வேர் அந்தக் குழிக்குள்ளேயே தொட்டியில் சுற்றுவதுபோலச் சுற்றுகிறது. குழி அகலமாக இருக்க வேண்டும். நாற்றுப் பண்ணைப் பையை உருவக் கூடாது. ஒரு பக்கம் கிழித்துப் பிரித்தால்தான் மண்கட்டி உடையாமல் வரும். அடியில் சுருண்டிருக்கும் வேர்களை மட்டும் நறுக்கிவிட வேண்டும். நடவுக்கு உகந்த காலம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி. உகந்த நேரம் மாலை.

நட்ட செடி வெயிலில் துவண்டால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. மொட்டைமாடித் தொட்டியில் பிற்பகல் மூன்று மணிக்குத் தலை தொங்கும் கத்தரி நாற்று, விடியற்காலையில் நிமிர்ந்திருந்தால் வேருக்கு உயிர் இருக்கிறது. விடிந்த பிறகும் தொங்கினால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். உலர்ந்திருந்தால் நீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தால் ஊற்றக் கூடாது. மூச்சுத்திணறிய வேர் அழுகத் தொடங்கியிருக்கும், இன்னும் ஊற்றினால் செடி போய்விடும். தென்னங்கீற்றோ பனை ஓலையோ மேற்குப் பக்கத்தில் செருகி வெயிலை மறைப்பதும், தண்டைத் தொடாமல் சருகு மூடாக்கு இடுவதும் போதும். புதுத்துளிர் வரும்வரை ரசாயன உரம் கூடாது. உப்பு கூடினால் எஞ்சிய வேரும் கருகும்.

வளர்ந்த மரத்தைப் பெயர்க்குமுன் கிளைகளைக் குறைத்தாக வேண்டும். சில மாதங்களுக்கு முன்பே சுற்றிலும் பள்ளம் வெட்டி வேரை அறுத்து, புதுவேர் விடவைப்பதும் அவசியம். சாலை விரிவாக்கத்துக்காகவும் மெட்ரோ ரயில் பணிகளுக்காகவும் தற்போது சென்னையில் மரங்கள் இவ்வாறு இடம் மாற்றப்படுகின்றன. அவற்றின் மீட்சிக்காலம் மாதங்களில் முடிவதில்லை. குளிர்நாடுகளில் அடிமரத்தின் ஓர் அங்குல விட்டத்துக்கு ஓராண்டு என்று கணக்கிடுகிறார்கள். இங்கு மழைக்காலத்தில் நட்ட மரத்துக்கு, அடுத்த கத்திரி வெயில் முடியும்வரையாவது தண்ணீர் நிறுத்தக் கூடாது.