தண்ணீரும் தீட்டும்: மூடநம்பிக்கை ஒழிப்பின் மராட்டிய வரலாறு



1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் அவருடன் திரண்ட ஆயிரக்கணக்கானோரும் தண்ணீர் அருந்தினார்கள். பிறகு சாதி இந்துக்கள் சாணமும் மூத்திரமும் கலந்து ஊற்றி அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். மாடு குடித்தால் கெடாத தண்ணீர் மனிதர் தொட்டால் கெடும். சாணம் கரைத்தால் தூய்மையாகும். எந்தச் சோதனைக் கூடமும் கண்டறிய முடியாத இந்தத் தீட்டைவிடப் பெரிய மூடநம்பிக்கை எது?

பகுத்தறிவு அமைப்புகளை நாம் இந்தக் கேள்வியைக் கொண்டே அளக்கிறோம். சாமியாரின் கையில் விபூதி வரும் தந்திரத்தை அம்பலப்படுத்திவிட்டு, சேரியின் கிணற்றைப் பார்க்காமல் போகும் பகுத்தறிவு நமக்குப் பாதிதான்.

1989இல் மராட்டியத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக் குழுவை நிறுவிய மருத்துவர் நரேந்திர தபோல்கர் அந்தக் கிணற்றின் பக்கமிருந்து வந்தவர். பாபா ஆடவ் நடத்திய ‘ஒரே ஊர், ஒரே நீர்நிலை’ இயக்கத்தில் பங்கெடுத்தவர். அவரது குழு ஊர் ஊராகச் சென்று பில்லிசூனியம், பேயோட்டுதல், நரபலி ஆகியவற்றுக்கு எதிராகப் பேசியது. இவற்றைத் தடுக்கச் சட்டம் கேட்டது. மசோதா ஏறக்குறைய பத்தாண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது. 2013 ஆகஸ்ட் 20 காலை, புனேயில் நடைப்பயிற்சிக்குச் சென்ற தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பத்தாண்டு வாதம் நகர்த்தாததை ஒரு பிணம் நகர்த்தியது. டிசம்பரில் அது முழுச் சட்டமானது. பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்து மந்திரிப்பதும் இச்சட்டப்படி குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை.

நமக்கு முக்கியமானது அடுத்த கட்டம். 2013இல் நாசிக்கில், சாதி மீறி மணந்த கர்ப்பிணி மகளைத் தந்தையே கொன்றார். அதன்பின் குழு சாதிப் பஞ்சாயத்துகளுக்கு எதிராகக் களமிறங்கியது. ஊர்விலக்குக்கு ஆளானவர்கள் வெளியே வந்து பேசினார்கள். 2016இல் சமூகப் புறக்கணிப்பைத் தடை செய்யும் சட்டம் மராட்டியத்தில் நிறைவேறியது. ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பதற்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பேய் பற்றிய பேச்சு சாதியில் வந்து சேர்ந்தது. சேர்ந்தே ஆக வேண்டியிருந்தது.

2024 மே 10 அன்று புனே நீதிமன்றம் சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்து, மூவரை விடுவித்தது. பின்னின்று திட்டமிட்டவர் யார் என்பது அங்கே நிறுவப்படவில்லை.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என அரசியல் சட்டத்தின் 51அ பிரிவு 1976 முதல் சொல்கிறது. அந்தக் கடமையை மாணவத் தோழர்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் தேட வேண்டாம். யார் மொண்டால் தண்ணீர் தீட்டாகிறது என்று கேட்கும் இடத்திலிருந்து நாம் தொடங்குவோம்.