தரங்கம்பாடி மாளிகையும் நம் தலைவாசலும்

நெய்வேலி நகரியத்தில் வாழும் நம்மவர் பலருக்கு வேர் இருப்பது கடற்கரையில். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், உத்தியோகம் தேடி வந்து எண்ணிட்ட வட்டங்களில் குடியேறியோம். மூதாதையர் வீடோ பரங்கிப்பேட்டையில் பூட்டிக் கிடக்கிறது. அதை விற்றுப் பங்கிட்டுக்கொள்வது என்ற பேச்சு குடும்பத்தில் எழுந்திருந்த வேளையில்தான், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்று வந்தோம்.

1792-இல் கட்டப்பட்ட நகரவாயிலைக் கடந்து நேரே நடந்தால் டேனிஷ் கோட்டை எதிர்ப்படுகிறது. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் அளித்த இசைவின் பேரில் எழுந்தது அது. 1845-இல் இவ்வூரையும் வங்கத்துச் சேரம்பூரையும் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனியர் கப்பலேறினர். கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயிலோ பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

கோட்டைக்கு எதிரே நிற்கிறது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஆளுநர் மாளிகை. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அதனை, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையுடன் செப்பனிட்டிருக்கிறார்கள். சுவருக்குப் பூசியது சுண்ணாம்புச் சாந்து. பழைய செங்கல் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும் என்பது பழைய கொத்தனார்கள் நன்கறிந்த உண்மை.

எனினும், நம் உள்ளத்தைத் தொட்டது அம்மாளிகையன்று. பொற்கொல்லர் தெருவில் திண்ணையும் ஓட்டுக்கூரையுமாக நிற்கும் எளிய வீடுகளே! அவையும் அதே அக்கறையோடு மீட்கப்பட்டுள்ளன. ஆளுநரின் வீடு மட்டுமே வரலாறு என்று எண்ணியிருந்த நமக்கு, அத்திண்ணைகள் பாடம் புகட்டின.

ஊர்ப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு அமர்ந்தபோது, மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் வழங்கிய பரங்கிப்பேட்டையே நினைவில் நின்றது. 1781-இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் அங்கே மோதியதைப் பாடநூல்கள் கூறுகின்றன. ஆனால் அவ்வூர்த் தெருக்களில் வாழ்ந்த வணிகக் குடும்பங்களின் கதையை யார் எழுதிவைத்தார்கள்? இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதிய தமிழ் மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. காகிதங்களைக் காத்தவர்களின் கட்டடங்களை மீட்பதும் எளிதாயிற்று. நாமோ பழைய பத்திரங்களைக் கரையானுக்கு விட்டோம். சித்திரக் கதவுகளை வியாபாரிக்கு விற்றோம்.

வாரிசுகளின் பங்கு அவரவர் உரிமை. அதை மறுக்க எவராலும் இயலாது. விற்க நேர்ந்தால் விற்கத்தான் வேண்டும். ஆயினும் அதற்குமுன் வீட்டை அளந்து வரைபடமாக்குவோம். தூணையும் நிலையையும் படமெடுப்போம். அங்கே பிறந்தவர், மணந்தவர், கப்பலேறியவர் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதுவோம். நெய்வேலிக்குத் திரும்பிய அன்றிரவே பங்காளிகளுக்கு நாம் எழுதிய கடிதத்தில் கேட்டது இவ்வளவுதான்: ஓராண்டு பொறுத்திருங்கள்.