கொடியும் கூண்டும்

தருமபுரி மாவட்டத்து இண்டூரில் அமர்ந்துகொண்டு கடலலையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நம் ஊரிலிருந்து எத்திசையில் நடந்தாலும் கேழ்வரகுக் கொல்லையும் புளியமரமும் பாறைக் குன்றுமே எதிர்ப்படும். கடலைக் கண்ணால் காணாமலே வாழ்ந்து மறைந்த முதியோர் இங்குப் பலர். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலிச் செய்தியின் கடைசிப் பகுதி வரும்போது தேநீர்க் கடையில் பேச்சு நின்றுவிடும். இன்ன இன்ன துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்ற அறிவிப்பை நம் ஊர்ப் பெரியவர்கள் மிகுந்த ஆவலோடு கேட்பார்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகாவிடில் நம் மானாவாரி நிலத்துக்கு அந்தப் பருவத்தில் மழை இல்லை. கடற்கரையில் உள்ளவன் அஞ்சி நடுங்கும் செய்தி, கொள்ளு விதைத்தவனுக்கு நற்செய்தி!

கூண்டு என்றால் கிளிக் கூண்டா, எலிக் கூண்டா என்று சிறு வயதில் நாம் கேட்டதுண்டு. "அது கப்பல்காரனுக்குக் காட்டுற அடையாளம் தம்பி, நமக்கில்லே" என்று ஒரு பெரியவர் விடை சொன்னார். அன்று சாதாரணமாகத் தோன்றிய அந்த விடையில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது என்பது பின்னாளில்தான் நமக்குப் புலப்பட்டது. எச்சரிக்கை யாருக்கு? கப்பலுக்கா, கரையில் நிற்பவனுக்கா, கட்டுமரத்தில் போகிறவனுக்கா? அதை ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

கடலின் பருவத்தை முன்னறிந்து கூறும் கலையில் அரபு மாலுமிகளுக்கு உள்ள இடத்தை உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பருவக்காற்றுக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'மான்சூன்' என்ற சொல்லே, பருவம் எனப் பொருள்படும் 'மௌசிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், கடற்கலை பற்றிய தம் பெருநூலில் எந்தத் துறையிலிருந்து எந்த நாளில் பாய் விரிக்க வேண்டும் என்பதை விரிவாக எழுதிவைத்தார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு பிறையைப் பின்பற்றுவது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. ஆகவே ரமலான் மாதம் ஒரு சமயம் கோடையில் வரும், வேறொரு சமயம் மழைக்காலத்தில் வரும். காற்றோ சூரியனுக்குக் கட்டுப்பட்டது. தொழுகைக்கும் நோன்புக்கும் பிறையைப் பார்த்த அதே மாலுமிகள், கப்பலோட்டுவதற்கு மட்டும் பாரசீகரின் 'நைரூஸ்' என்னும் சூரிய ஆண்டுப் பிறப்பிலிருந்து நாட்களை எண்ணினார்கள். மார்க்கக் கடமைக்கு ஒரு கணக்கு, கடலுக்கு ஒரு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத தெளிவை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை.

தென்மேற்குக் காற்று உச்சத்தில் வீசும் நாட்களில் இந்தியாவின் மேற்குக் கரைத் துறைகளுக்குச் செல்வதே இல்லை என்று அவர்கள் வைத்திருந்தார்கள். அக்காலத்துக்குக் 'கடல் அடைப்பு' என்றே அரபியில் பெயர். கதவை அடைப்பதுபோல் கடலையும் அடைத்துவிடுவது! நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளின் மரக்காயர் கப்பல்களும் இத்தகைய பருவக் கணக்கையே நம்பின.

ஆனால் பருவக் கணக்கு பருவத்தைத்தான் சொல்லும். இன்று மாலை கரையில் அலை எப்படி உடையும் என்பதைச் சொல்லாது. இதைத் தம் அனுபவத்தில் கண்டவர் இப்னு பதூதா. 1340-களின் தொடக்கத்தில் சீனப் பேரரசருக்கு தில்லி சுல்தான் அனுப்பிய பரிசுகளோடு அவர் கோழிக்கோட்டில் கப்பலேறக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கிய வேளையில் கடல் கொந்தளித்தது. கோழிக்கோடு ஒதுக்கிடமற்ற திறந்த துறை. பரிசுகள் ஏற்றிய பெருங்கப்பல் கரையில் மோதி உடைந்தது. அவருடைய உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் பாய் விரித்துப் போயே போய்விட்டது. தொழுகை விரிப்பும் பத்துத் தீனார்களுமாகக் கரையில் நின்றார் அந்த மாபெரும் பயணி.

சில காலம் கழித்து இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வரும்போது மீண்டும் அவருடைய கப்பல் ஆழமற்ற நீரில் தட்டி உடைந்தது. தோழர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, நீர் புகுந்த கப்பலின் பின்தளத்தில் இரவெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தார். விடிந்ததும் அவ்வூர் மக்கள் ஒரு படகில் வந்து அவரைக் கரை சேர்த்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்று மட்டும் அவர் குறிக்கிறார், பெயர் குறிக்கவில்லை. சோழமண்டலக் கரையின் படகோட்டிகள் வரலாற்றில் தலைகாட்டும் இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. அவர்கள் வருவார்கள், காப்பாற்றுவார்கள், பெயரின்றிப் போவார்கள்.

அந்தப் படகோட்டிகளின் அருமையை முழுமையாக உணரச் சென்னைக்குத்தான் வரவேண்டும். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டை கட்டத் தேர்ந்த இடம், துறைமுகத்துக்கு உரிய இயல்பு ஒன்றேனும் இல்லாத மணற்கரை. வளைகுடா இல்லை, முனை இல்லை, காற்றைத் தடுக்கக் குன்றும் இல்லை. கப்பல்கள் கரைக்கு ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். இடையில் கிடப்பதோ கரையலை.

அலை ஏன் கரையில் உடைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஆழ்கடலில் அலை வெறும் ஏற்ற இறக்கமே. நீர் முன்னோக்கிப் பாய்வதில்லை. ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தரையில் உரசித் தளர்கிறது, தலைப்பகுதி முந்துகிறது, அலை செங்குத்தாக எழுகிறது. தன் உயரத்தைவிடச் சற்றே மிகுதியான ஆழத்துக்கு வந்ததும் கவிழ்ந்து உடைகிறது. கரைக்கு முன்னே நீருக்கடியில் மணல்திட்டு இருந்தால் அங்கே ஒருமுறை, பின்னர் உள்ளே மீண்டும் ஒருமுறை. சென்னைக் கரையில் இவ்வாறு இரண்டு மூன்று வரிசைகளாக அலை உடைந்தது. ஆங்கிலேயரின் கப்பல் படகுகள், ஆணி அடித்து இறுக்கிய வலிய மரப் படகுகள், இவ்வலையில் சிக்கினால் சிதறிவிடும்.

சிதறாதது நம்மவரின் மசூலாப் படகு. பலகைகளைக் கயிற்றினால் தைத்து, ஓர் ஆணியும் இன்றி ஆக்கியது. அலை அறைந்தால் அது வளைந்து கொடுக்கும். தரையில் மோதினாலும் உடல் நெளியுமேயன்றி உடையாது. நீண்ட கழியின் நுனியில் வட்டப் பலகை கட்டிய துடுப்புகளோடு எட்டு முதல் பன்னிரண்டு பேர் வலிப்பார்கள். பின்புறம் நிற்கும் தண்டலின் கண் முன்னால் இருக்காது. பின்னால் எழுந்து வரும் அலைமீதே இருக்கும். எந்த அலையை விடுவது, எந்த அலையின் முதுகில் ஏறுவது என்று அவர் ஒரு கணத்தில் முடிவு செய்ய வேண்டும். முந்தினால் படகு மூக்குக் குத்தும். பிந்தினால் அலை உள்ளே இறங்கும். படகு கவிழ்ந்தால் பயணிகளை எடுக்கக் கட்டுமரங்கள் உடன் செல்லும். அவ்வாறு உயிர் காத்த கட்டுமரக்காரர்களுக்குக் கம்பெனியார் பதக்கங்கள் வழங்கியதுண்டு. பனையோலைப் பாயினால் செய்த கூர்த்தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு, நனையாமல் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் அவர்களே. படகோட்டிகள் நடு அலையில் துடுப்பை நிறுத்திவிட்டு இனாம் கேட்பதாக வெள்ளைக்காரப் பயணிகள் சிலர் குறை எழுதிவைத்துப் போனார்கள். இருக்கலாம். அந்த நடு அலையில் வேறு எவரையும் நம்ப முடியாத நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள் என்பதும் அதே எழுத்தில் தெரிகிறது.

இனிக் கொடிக்கு வருவோம். 1815-இல் வால்டர் ஹாமில்டன் வெளியிட்ட கிழக்கிந்தியக் களஞ்சியத்தில் சென்னையைப் பற்றி இரண்டு செய்திகள் காணப்படுகின்றன. ஒன்று: உள்ளூர்ப் படகுகளே போய்வர அஞ்சும் அளவுக்கு அலை இருந்தால், கப்பலில் இருப்போர் கரைக்கு வர வேண்டாம் என்று எச்சரிக்கக் கடற்கரை அலுவலகத்தில் ஒரு கொடி ஏற்றப்படும். இன்று உலகின் கடற்கரைகளில் குளிப்போருக்காகச் செங்கொடி நாட்டுகிறார்களே, அதற்கு இது முன்னோடி எனலாம். கொடியை ஏற்றியது அதிகாரியின் ஆளாக இருக்கலாம். ஆனால் அலையின் அளவு என்ன? மசூலாப் படகு போகுமா, போகாதா என்பதுதான் அளவு. அதாவது அந்தக் கொடிக்குப் பின்னால் இருந்த அறிவு படகோட்டியினுடையது.

மற்றொன்று: ஆண்டுதோறும் அக்டோபர் 15-ஆம் நாள் கொடிமரமே இறக்கப்படும், டிசம்பர் 15 வரை ஏற்றப்படாது. அந்த இரண்டு மாதங்களில் சோழமண்டலக் கரையை அண்டும் கப்பலுக்குக் காப்புறுதி செல்லாது. அரபுகளின் கடல் அடைப்பு இங்கே காப்புறுதிக் கம்பெனிகளின் ஒப்பந்தத்துக்குள் புகுந்துவிட்டது. இதற்குக் காரணமில்லாமலில்லை. 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபூர்தொன்னேயின் கப்பற்படையை அக்டோபர்ப் புயல் ஒன்று சிதறடித்தது பலருக்கும் நினைவிருந்திருக்கும்.

ஆனால் புயலுக்கு நாட்காட்டி தெரியாது. 1811-இலும் 1872-இலும் மே மாதத் தொடக்கத்திலேயே புயல் வந்து சென்னைத் துறையில் நின்ற கப்பல்களை உடைத்தது. பருவக் கணக்கும் போதாது, கரையில் நின்று அலையைப் பார்ப்பதும் போதாது, புயல் வருமுன் அதன் இருப்பிடம் தெரிய வேண்டும் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டில் வலுத்தது. சென்னை வானாய்வுக் கூடத்தில் 1796 முதலே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. சுழற்காற்றுக்கு 'சைக்ளோன்' என்று 1848-இல் பெயரிட்ட ஹென்றி பிடிங்டன் கல்கத்தாவில் வாழ்ந்தவர். ஆனால் 1864-ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் விழித்தது. அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டனர். நவம்பர் முதல் நாள் மசூலிப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் புகுந்து சுமார் 30,000 பேரைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. ஓரிடத்துக் காற்றழுத்தத்தை மற்றோரிடத்துக்கு உடனே தெரிவிக்கத் தந்தி உதவிற்று.

1898-இல் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே வகையான அடையாள முறை ஏற்பட்டது. பகலில் கூம்பு, உருளை, பந்து ஆகிய வடிவங்களைக் கம்பத்தில் தொங்கவிடுவது. இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். இவையே நாம் வானொலியில் கேட்ட கூண்டுகள். ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள புயலைக் குறிப்பவை. மூன்றும் நான்கும் அந்தத் துறைமுகத்துக்கே உரிய எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினொன்றாம் கூண்டை மட்டும் பலர் பத்தைவிடக் கொடிய புயல் என்று எண்ணுகிறார்கள். அது தவறு. எச்சரிக்கை மையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துபோயிற்று, வானிலை மோசமாகும் என்று துறைமுக அதிகாரி தாமாகக் கருதுகிறார் என்பதே அதன் பொருள். தந்திக் கம்பி அறுந்தபின் எஞ்சுவது கரையில் நின்று பார்க்கும் மனிதனின் கண். தண்டலின் பழைய தொழில்தான் அது.

கூண்டு வந்த அதே காலத்தில் மசூலாப் படகு மறையத் தொடங்கியது. செயற்கைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் 12-இல் ஒரு புயல் தகர்த்தது. மீண்டும் கட்டினார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கி வரும் மணல் அந்தச் சுவரில் தங்கி, தென்புறம் மெரினா மணற்பரப்பாக விரிந்தது. வடபுறம் ராயபுரம் பக்கத்தைக் கடல் அரித்துத் தின்றது. கப்பலுக்கு அலை நீங்கியது. அலையைக் கடத்திவிட்ட மக்களின் வாசலுக்கு அது வந்து சேர்ந்தது.

கூண்டு துறைமுகத்தில்தான் ஏறும். துறைமுகமில்லாத நூற்றுக்கணக்கான குப்பங்களிலிருந்து கட்டுமரம் தள்ளுகிறவனுக்கு அது கண்ணில் படாது. வானொலி வந்த பிறகுதான் அவனும், வேடிக்கையாக, இண்டூர் விவசாயியும் ஒரே நேரத்தில் அதைக் கேட்க முடிந்தது. அதுவும் எல்லோரையும் எட்டிவிடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் திடீரென வலுத்தபோது, தூத்தூர், வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே தொலைதூரம் சென்றுவிட்டிருந்தார்கள். கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால் கைப்பேசி எட்டாது. எச்சரிக்கை வெளியாயிற்று, கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், எந்தக் கரையில் எத்தனை மீட்டர் அலை, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று நாள்தோறும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. தென் இந்தியப் பெருங்கடலில் தோன்றிய புயலின் அலை பல ஆயிரம் மைல் நடந்து வந்து, காற்றே இல்லாத தெளிந்த நாளில் நம் கரையில் எழும். மலையாளக் கரையினர் அதைக் 'கள்ளக்கடல்' என்பர். திருடனைப்போல் வருவதால் அப்பெயர். அந்தக் கள்வனின் வருகையையும் அம்மையம் அறிவிக்கிறது. 2024 மே மாதம் 6-ஆம் நாள் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடலில் இறங்கிய ஐந்து மருத்துவ மாணவர்கள் அவ்வலையில் மாண்டனர். அன்று எச்சரிக்கை நடப்பில் இருந்தது. வானம் வெளுத்துக் கிடக்க, அலையின் பேரில் எச்சரிக்கை என்றால் உள்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எப்படிப் புரியும்? நமக்கே புரிந்திராது.

சென்னைக்குத் தெற்கே, தமீமுல் அன்சாரி தர்கா உள்ள கோவளத்தில் இப்போது மீனவ இளைஞர்கள் பலகை மீது நின்று அலையேறுகிறார்கள், பிறர்க்கும் கற்பிக்கிறார்கள். கைப்பேசியில் அலையின் உயரத்தையும் இடைவெளியையும் பார்த்துவிட்டுத்தான் பலகையை எடுக்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் நீரில் இறங்குமுன் சற்று நேரம் மணலில் நின்று, அலைகள் எத்தனை வருகின்றன, எது பெரியது, எங்கே உடைகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடலறியாத ஊரிலிருந்து வந்தவன் யாராவது இறங்கப்போனால், "இப்போ வேணாம்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று தடுப்பார்கள்.