நார்னியா: ஒரு ரேஷன் காலத்துக் கதை

நார்னியா என்றதும் நம்மில் பலருக்கு 2005-ல் வந்த படம்தான் ஞாபகம் வரும். சிங்கம், சூனியக்காரி, பனிக்காடு, அலமாரிக்குள் நுழைந்தால் இன்னொரு உலகம்... மூலக்கதை சி.எஸ்.லூயிஸ் எழுதி 1950-ல் வந்த 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி' என்ற சிறுவர் நாவல். குழந்தைப் புத்தகம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போர் கால இங்கிலாந்து இதில் நன்றாகவே ஒளிந்திருக்கிறது.

லண்டனில் விமானத் தாக்குதல், அதனால் நான்கு பிள்ளைகள் கிராமத்தில் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்றுதான் கதை தொடங்குகிறது. இது கற்பனை இல்லை. 1939 செப்டம்பர் 1-ம் தேதி தொடங்கி மூன்றே நாளில் சுமார் 15 லட்சம் பேரை பிரிட்டிஷ் அரசு நகரங்களிலிருந்து வெளியேற்றியது. பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடி, போய்ச் சேரும் இடம் எதுவென்றே தெரியாத ரயில் பயணம். ஆக்ஸ்போர்டு அருகே லூயிஸ் வீட்டிலும் இப்படிச் சில சிறுமிகள் வந்து தங்கினார்கள். அதே 1939-ல் இந்த மாதிரி நான்கு பிள்ளைகளை வைத்து ஒரு கதையை ஆரம்பித்து, அப்படியே போட்டுவிட்டார். பத்து வருஷம் கழித்துத்தான் அது நாவலானது.

நாவலின் பெரிய பலம் எட்மண்ட். சூனியக்காரி கொடுக்கும் 'டர்கிஷ் டிலைட்' என்ற இனிப்புக்காக (நம்மூர் சோளமாவு அல்வாவுக்கு தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) அண்ணன், அக்கா, தங்கையையே காட்டிக்கொடுக்கத் தயாராகிறான். "ஒரு மிட்டாய்க்காகவா?" என்று இன்று படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இங்கிலாந்தில் 1942 ஜூலையிலிருந்து மிட்டாய்க்கும் ரேஷன். பெரும்பாலான காலம் தலைக்கு 4 வாரத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம். போர் முடிந்து நான்கு வருஷம் ஆனபிறகு, 1949 ஏப்ரலில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கடைகளில் கூட்டம் அலைமோதி சரக்கு தீர்ந்துபோக, நாலே மாதத்தில் ரேஷன் திரும்ப வந்தது. (டிமாண்ட்-சப்ளை பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது :-) ) ஒரேயடியாக அது ஒழிந்தது 1953 பிப்ரவரியில்தான். ஆக, நாவல் வெளியான 1950-ல் அதைப் படித்த பிரிட்டிஷ் பிள்ளைகளும் கூப்பன் காட்டித்தான் மிட்டாய் வாங்கினார்கள். எட்மண்டுக்குக் கிடைத்ததோ பெட்டி நிறைய, பவுண்டு கணக்கில்! அவன் செய்த துரோகம் அந்தப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்திருக்கும். தங்கம், சிம்மாசனம் என்றெல்லாம் முதலில் ஆசை காட்டாமல் நாக்கில் ஆரம்பித்தாரே, அங்கேதான் லூயிஸ் ஜெயிக்கிறார்.

குறைக்கு வருவோம். அலமாரியைத் தாண்டியதும் போர் மறந்தே போய்விடுகிறது. அப்பா அம்மா பேச்சு அங்கொன்றும் இங்கொன்றும்தான். வீட்டின்மேல் குண்டு விழுந்திருக்குமோ என்ற பயம் நால்வரில் ஒருவருக்கும் வருவதில்லை. கடைசியில் பெரியவர்களாகி நாட்டையே ஆண்டுவிட்டு, மறுபடி சிறுவர்களாகத் திரும்புகிறார்கள். இத்தனை வருஷ வாழ்க்கை கைவிட்டுப் போனதே என்ற வருத்தம்கூட எழுதப்படவில்லை. நடுவில் கிறிஸ்துமஸ் தாத்தா வேறு வருகிறார். ரோமானியப் புராணத்து ஆட்டுக்கால் மனிதன், பேசும் பீவர், இவர் என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டது லூயிஸின் நண்பர் டோல்கீனுக்கே பிடிக்கவில்லை.

அந்தத் தாத்தா சூசனுக்கு வில்லும் லூசிக்குக் கத்தியும் கொடுத்துவிட்டு, போரில் நீங்கள் சண்டையிட வேண்டாம் என்கிறார். பெண்கள் இறங்கினால் போர் அசிங்கமாகிவிடுமாம். தனக்குத் தைரியம் உண்டு என்று லூசி சொல்லியும் பயனில்லை. லூயிஸ் பழங்காலத்து ஆள் என்று திட்டுவது சுலபம். ஆனால் 1941 டிசம்பரில் பெண்களுக்கும் கட்டாயப் பணிச் சட்டம் கொண்டுவந்த அதே பிரிட்டன், விமான எதிர்ப்பு பீரங்கிப் பிரிவில் பெண்களை தூரம் அளக்கவும் குறி கணக்கிடவும் வைத்துக்கொண்டது. பீரங்கியைச் சுடும் வேலையை மட்டும் ஆண்களுக்கென்று ஒதுக்கியது. ஆயுதத்தைக் கையில் கொடுத்துவிட்டு 'தொடாதே' என்ற விதி நார்னியாவில் மட்டும் இருந்ததல்ல. சரித்திரம் அப்படி இருந்தது என்பதற்காக நாவலை மன்னித்துவிடவும் எனக்கு மனசில்லை. மாய உலகத்திலாவது லூசியை முன்வரிசையில் நிற்க விட்டிருக்கலாம். சூசனின் கதி இன்னும் மோசம். 1956-ல் வந்த கடைசிப் புத்தகத்தில் உதட்டுச்சாயம், விருந்து என்று போய்விட்டாள் எனச் சொல்லி அவளை நார்னியாவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்.

லூயிஸ் போரை அறியாதவரும் இல்லை. முதல் உலகப்போரில் பிரான்ஸ் பதுங்குகுழிகளில் இருந்து, 1918 ஏப்ரலில் காயப்பட்டவர். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, கதையின் கடைசிப் போரைச் சில பத்திகளில் முடித்துவிடுகிறார்.

படம் எடுத்தவர்கள் இந்த இடைவெளியைப் பார்த்திருக்கிறார்கள். முதல் காட்சியே லண்டன் மேல் குண்டு வீசும் விமானங்கள். அப்பாவின் போட்டோவை எடுக்க எட்மண்ட் வீட்டுக்குள் திரும்ப ஓடுகிறான். புத்தகத்தில் அந்தக் காட்சி கிடையாது.