எட்டு வினாடி வித்தியாசம்

1989ம் வருடம் மே மாதம். இத்தாலியில் ஜிரோ டி இத்தாலியா என்ற மூன்று வார சைக்கிள் பந்தயம் நடந்து கொண்டிருந்தது. மலைப்பாதைகளில் மூச்சு வாங்க, முன்னணி வீரர்களுக்கு வெகு பின்னால் ஒரு அமெரிக்கர் வந்து கொண்டிருந்தார். பெயர் கிரெக் லெமாண்ட். 1986ல் உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை ஜெயித்த முதல் அமெரிக்கர் இவர்தான்! அடுத்த டூருக்கு சில வாரங்களே பாக்கி. அவர் ஓட்டியதைப் பார்த்தவர்கள், "இவர் கதை முடிந்தது" என்றுதான் நினைத்தார்கள்.

அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. 1987 ஏப்ரல் 20ம் தேதி, கலிபோர்னியாவில் வான்கோழி வேட்டைக்குப் போன இடத்தில், கூட வந்த மச்சானின் துப்பாக்கி குண்டு தவறுதலாக லெமாண்ட் மேல் பாய்ந்தது. ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் உடம்பில் பாதிக்கு மேல் ரத்தம் போய்விட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் முப்பதுக்கும் மேற்பட்ட ஈயச் சில்லுகளை வெளியே எடுக்க முடியவில்லை. அவற்றில் சில இதயத்தின் மேல்சவ்வில் இருந்தன. அந்த வருடமே குடல்வால் ஆபரேஷன், அடுத்த வருடம் காலில் ஒரு ஆபரேஷன். 1987, 1988 இரண்டு டூரும் போயின. பெரிய அணிகள் ஒதுங்கிக் கொண்டன. 1989ல் அவருக்கு இடம் கொடுத்தது ஏடிஆர் என்ற சுமாரான பெல்ஜியம் அணி. அங்கே சம்பளமும் ஒழுங்காக வரவில்லை.

டூருக்கு முன்னால் ஜிரோவில் ஓட்டுவது பல வீரர்களின் வழக்கம். வீட்டில் தனியாக எத்தனை கிலோமீட்டர் மிதித்தாலும், தினமும் போட்டி, தினமும் மலை, மறுநாள் காலை மறுபடியும் போட்டி என்ற பளுவை உடம்புக்குப் பழக்க முடியாது. ஆனால் அதில் ஒரு ஆபத்தும் உண்டு. உடம்பு தேறாமல் இருந்தால் அதே பந்தயம் ஆளை இன்னும் சோர்ந்து போக வைத்துவிடும். லெமாண்டுக்கு இரண்டாவதுதான் நடந்தது. இரண்டாம் நாள் எட்னா மலையிலேயே பின்தங்கிவிட்டார். விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு மனம் விட்டுப் போனது.

அப்போதுதான் அவர் முகம் வெளிறி இருப்பதை அணி உதவியாளர் கவனித்தார். உடம்பில் இரும்புச் சத்து குறைந்திருந்தது. இரும்புச் சத்து இல்லாவிட்டால் ரத்தம் போதுமான ஆக்ஸிஜனைத் தூக்கிச் செல்லாது. மலையேறும் கால்களுக்கு அதுதான் பெட்ரோல். ஊசி போட்டார்கள்.

ஜிரோவின் கடைசி நாள் ஃபிளாரன்ஸ் நகரில் டைம் டிரையல். அதாவது ஒவ்வொருவரும் தனியாகக் கிளம்பி, கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும். முன்னால் போகிறவரின் நிழலில் காற்றைத் தவிர்க்க முடியாது. அதனால் ஒருவரின் உண்மையான பலம் தெரிவது இங்கேதான். ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த ஓட்டத்தில் லெமாண்ட் இரண்டாவதாக வந்தார். அந்த ஜிரோவையே ஜெயித்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோனைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வேகம்!

மொத்தப் பட்டியலில் லெமாண்டுக்கு 39வது இடம். வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் நஷ்டத்தில் போகும் கம்பெனி. கடைசி மாதக் கணக்கைப் பார்த்தால்தான் லாபத்துக்குத் திரும்பியது தெரியும். பெரும்பாலானவர்கள் பார்த்தது 39 என்ற எண்ணை.

மூன்று வாரம் கழித்து, ஜூலை 1ம் தேதி லக்ஸம்பர்க்கில் டூர் தொடங்கியது. முந்தைய வருட சாம்பியன் டெல்காடோ கிளம்பும் இடத்துக்கு இரண்டு நிமிடம் 40 வினாடி தாமதமாக வந்து, முதல் நாளே கோட்டை விட்டார். முதல் இருபதுக்குள் வந்தால் போதும் என்று வந்த லெமாண்ட், ஐந்தாம் கட்ட டைம் டிரையலை ஜெயித்து மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக் கொண்டார். பிறகு அது ஊஞ்சல் மாதிரி அவருக்கும் ஃபின்யோனுக்கும் இடையே மாறி மாறிப் போனது. பிரனீஸ் மலையில் ஃபின்யோன், ஆல்ப்ஸில் லெமாண்ட், ஆல்ப் டுவெஸ் மலையில் மறுபடி ஃபின்யோன்.

ஜூலை 23, கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். ஃபின்யோன் 50 வினாடி முன்னால். கிலோமீட்டருக்கு இரண்டு வினாடி வீதம் பிடிக்க வேண்டும். இது நடக்காத காரியம் என்றே பேசிக் கொண்டார்கள்.

லெமாண்டின் சைக்கிளில் டிரையத்லான் வீரர்கள் பயன்படுத்தும் நீட்டிய ஹேண்டில்பார் இருந்தது. முழங்கைகளை அதில் ஊன்றிக் குனிந்தால் உடம்பு ஒடுங்கி, காற்றின் எதிர்ப்பு குறையும். தலையில் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட். ஃபின்யோனிடம் இரண்டும் இல்லை. தலைமுடியைக் குதிரைவாலாகக் கட்டிக்கொண்டு, சாதாரண டைம் டிரையல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். போதாக்குறைக்கு சீட்டில் உட்கார முடியாத அளவுக்குப் புண். வழியில் நேரம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று லெமாண்ட் தன் அணிக் காரில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார். தலையைக் குனிந்து மிதித்தார், அவ்வளவுதான்.

லெமாண்டின் நேரம் 26 நிமிடம் 57 வினாடி. மணிக்கு 54.5 கிலோமீட்டர் வேகம். ஃபின்யோன் 27 நிமிடம் 55 வினாடி. 58 வினாடி வித்தியாசம். 50ஐக் கழித்தால் மிச்சம் 8. சுமார் 3,285 கிலோமீட்டர் ஓடிய பந்தயம் எட்டு வினாடியில் முடிவானது. ஆண்கள் டூர் வரலாற்றில் இதைவிடக் குறைந்த வித்தியாசம் இன்றுவரை இல்லை.

ஹேண்டில்பார்தான் ஜெயிக்க வைத்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அது உதவியது உண்மை. ஆனால் மூன்று வாரம் ஃபின்யோனோடு மலைமலையாக ஏறி, 50 வினாடிக்குள் நின்றது ஹேண்டில்பார் அல்ல. ஃபின்யோனும் சளைத்தவர் இல்லை. 1983, 1984 இரண்டு வருடமும் டூரை ஜெயித்தவர். ஆனாலும் 2010ல் புற்றுநோயால் இறக்கும் வரை, எட்டு வினாடியில் தோற்றவர் என்றே பலர் அவரை அடையாளம் சொன்னார்கள். அது அநியாயம்தான்.

லெமாண்ட் 1990லும் டூரை ஜெயித்தார். பின்னால் வந்த அமெரிக்கர்களான லாண்டிஸ், ஆர்ம்ஸ்ட்ராங் பட்டங்கள் ஊக்கமருந்து விவகாரத்தில் 2007லும் 2012லும் பறிக்கப்பட்டன. அதனால் ஆண்கள் டூரை ஜெயித்த அமெரிக்கர் என்று இன்று அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருப்பது ஒரே பெயர், அதே 39வது இடத்துக்காரர்!