தூரத்துச் சொந்தம் காட்டிக்கொடுத்த கொலையாளிகள்

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த டிஎன்ஏவை, முன்னோரைத் தேடும் பொதுமக்கள் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் டிஎன்ஏ விவரங்களோடு ஒப்பிட்டுக் குற்றவாளியின் தூரத்து உறவினர் ஒருவரைக் கண்டுபிடிப்பது, பிறகு அந்த உறவினரின் கொடிவழியைப் பற்றிக்கொண்டே போய்க் குற்றவாளியின் வீட்டு வாசலை அடைவது: இதுதான் மரபணு வம்சாவளிப் புலனாய்வு. பல பத்தாண்டுகளாகத் துப்புத் துலங்காமல் கிடந்த வழக்குகளை அமெரிக்காவில் 2018 முதல் ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவைத்திருக்கிறது இந்த முறை. இதை வகுத்தவர்கள் போலீஸார் அல்லர். ஓய்வுநேர வம்சாவளி ஆர்வலர்களும், தத்துப் பிள்ளைகளாக வளர்ந்து பெற்றோரைத் தேடியவர்களும்தான். காவல்துறை அதைக் கடன் வாங்கியது. பெரும்பாலும் கேட்காமலே வாங்கியது. இந்த வரலாற்றின் சிக்கல்களெல்லாம் அங்கிருந்தே தொடங்குகின்றன.

டிஎன்ஏ குற்ற விசாரணைக்குள் நுழைந்தது இங்கிலாந்தில். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரீஸ் 1984 செப்டம்பரில் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடித்தார். அதே லெஸ்டர்ஷயரில் 1983-லும் 1986-லும் பதினைந்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் அது முதன்முதலாகக் குற்ற விசாரணைக்குப் பயன்பட்டது. அது முதலில் செய்த காரியம், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞனை நிரபராதி என்று காட்டியதுதான். பிறகு சுற்றுவட்டார ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். உண்மைக் கொலையாளி காலின் பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதிலாக உடன் வேலை செய்தவனை அனுப்பித் தப்பித்தான். அனுப்பப்பட்டவன் மதுக்கடையில் வாய்விட்டதால் பிட்ச்ஃபோர்க் மாட்டினான். 1988-ல் தண்டனை கிடைத்தது.

பிரிட்டன் 1995-லும், அமெரிக்கா 1998-லும் தேசிய அளவில் குற்றவாளிகளின் டிஎன்ஏ தரவுத்தளங்களைத் தொடங்கின. அமெரிக்காவின் கோடிஸ் தளம் டிஎன்ஏவில் 13 இடங்களை மட்டுமே பார்த்தது. 2017-ல் அது 20 ஆயிற்று. ஒரே ஆள்தானா என்று உறுதிசெய்ய இது போதும். ஆனால் குற்றவாளி முன்பே பிடிபட்டுப் பதிவானவனாக இருந்தால்தான் விடை வரும். பதிவாகாதவனின் தந்தையோ மகனோ சகோதரனோ தளத்தில் இருந்தால், பாதி ஒத்துப்போகும் பதிவைத் தேடி நூல் பிடிக்கலாம். பாலத்திலிருந்து செங்கல்லை வீசி லாரி ஓட்டுநரைக் கொன்றவன் பிரிட்டனில் 2004-ல் இப்படித்தான் தண்டனை பெற்றான். லாஸ் ஏஞ்சலிஸின் தொடர் கொலையாளி லானி ஃபிராங்க்ளின் 2010-ல் மகனின் பதிவு வழியாகச் சிக்கினான். பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்ற வட்டத்துக்கு அப்பால் 20 இடங்களை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

இதற்கிடையே வேறொரு திசையில் டிஎன்ஏ ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துகொண்டிருந்தது. ஹூஸ்டனில் பென்னட் கிரீன்ஸ்பான் 2000-ல் ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ நிறுவனத்தைத் தொடங்கினார். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமும், அதே வழியில் இறங்கும் மேலைநாட்டுக் குடும்பப் பெயரும் ஒன்றாகப் பயணம் செய்வதை அது பயன்படுத்திக்கொண்டது. 2007-ல் 23அண்ட்மீயும், 2012-ல் ஆன்செஸ்ட்ரியும் ஒரு குழாயில் எச்சிலை வாங்கி டிஎன்ஏவில் ஆறேழு லட்சம் இடங்களைப் படித்துச் சொல்லும் சோதனையைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒரு நிறுவனத்தில் சோதித்தவர் மற்றொரு நிறுவனத்தில் சோதித்தவரோடு ஒப்பிட வழியில்லாமல் இருந்தது. அந்தக் குறையைப் போக்க ஃபுளோரிடாவின் கர்டிஸ் ரோஜர்ஸும் டெக்சாஸின் ஜான் ஓல்சனும் 2010-ல் ஜெட்மேட்ச் என்ற இலவசத் தளத்தை உருவாக்கினார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் கோப்பை அதில் ஏற்றலாம். யாரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம்.

ஆறேழு லட்சம் இடங்கள் என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக 12.5 சதவீத டிஎன்ஏவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பொதுவாக இருப்பது கொள்ளுத் தாத்தா பாட்டி என்றால் அது சுமார் 3 சதவீதம். எள்ளுத் தாத்தா பாட்டி என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அவ்வளவு சிறிய பங்கையும் இந்தச் சோதனை பிடித்துவிடும். பகிர்வின் அளவிலிருந்து உறவின் தூரத்தை மதிப்பிடுவார்கள். அந்த உறவினரின் முன்னோர் வரிசையில் மேலே ஏறிப் பொது மூதாதையரைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, திருமணப் பதிவு, பத்திரிகை இரங்கல் குறிப்பு, கல்லறைக் கல், முகநூல் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து அந்த மூதாதையரின் சந்ததி முழுவதையும் கீழ்நோக்கி எழுதுவார்கள். தொடர்பற்ற இரண்டு உறவினர்களின் கொடிவழிகள் ஏதோ ஒரு திருமணத்தில் சந்தித்தால், அந்தத் தம்பதியின் வழிவந்தவர்களில் ஒருவர்தான் தேடப்படும் ஆள். கணக்கு சுத்தமாக வருவது சொந்தத்துக்குள் மணம் செய்யாத குடும்பங்களில்தான். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த நம் குடும்பங்களைப் போன்றவற்றில் ஒரே டிஎன்ஏ துண்டு பல வழிகளில் வந்து சேரும். உறவு உண்மையில் இருப்பதைவிட நெருக்கமாகத் தோன்றும்.

இந்த வேலையைப் பழகிப் பழகிக் கூர்மையாக்கியவர்கள், தத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைத் தேடிக்கொடுத்த தன்னார்வலர்கள். நியூசிலாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் காப்புரிமை வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்ற பார்பரா ரே-வென்டர் அவர்களில் ஒருவர். 1980களில் கலிபோர்னியாவில் ஓர் ஆள் கைவிட்டுப் போன சிறுமி, வளர்ந்த பின்னும் தான் யார் என்று அறியாமல் இருந்தார். அவரைப் பற்றி விசாரித்துவந்த காவலர் ரே-வென்டரின் உதவியை நாடினார். 2016-ல் அந்தப் பெண்ணின் பிறப்புப் பெயர் தெரிந்தது. கண்டத்தின் மறுகோடியில் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து அவர் கொண்டுவரப்பட்டிருந்தார். அந்த நூலைப் பிடித்துப் போனதில், 1985-லும் 2000-த்திலும் அங்கே காட்டுக்குள் பீப்பாய்களில் நான்கு உடல்கள் கிடைத்த வழக்கின் கொலையாளியும் அதே ஆள்தான் என்று தெரியவந்தது. டெர்ரி ராஸ்முசன் என்ற அவன் வேறு பெயரில் சிறையில் இருந்தபோது 2010-லேயே இறந்துபோயிருந்தான்.

காவல்துறை தானாகவே வம்சாவளித் தளங்களில் கைவைத்துச் சறுக்கிய கதைகளும் உண்டு. ஐடஹோ ஃபால்ஸ் நகரில் 1996-ல் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஒய் குரோமோசோம் ஒற்றுமையை மட்டும் நம்பி, நீதிமன்ற ஆணையுடன் ஆன்செஸ்ட்ரியிடம் பெயரை வாங்கிய விசாரணை அதிகாரிகள், 2014-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு திரைப்பட இயக்குநரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவருடைய தந்தை பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு மாதிரி கொடுத்திருந்தார். மகன் செய்த தவறு வேறெதுவும் இல்லை. சோதனையில் அவர் விடுவிக்கப்பட்டார். 2017-ல் ஆரிகன் மாநிலத்தில் முதியோர் இல்லத்தில் கிடந்த 73 வயதுக்காரர் ஒருவரிடம், கலிபோர்னியாவின் தொடர் கொலை வழக்குக்காக நீதிமன்ற ஆணையின்பேரில் மாதிரி எடுத்தார்கள். அதுவும் தவறான ஆள்தான்.

அந்தத் தொடர் கொலை வழக்குதான் இந்த முறையை உலகறியச் செய்தது. 1970களில் சாக்ரமென்டோ பகுதியில் இரவில் வீடு புகுந்து சுமார் ஐம்பது பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியவனும், பிறகு தெற்கு கலிபோர்னியாவில் தம்பதிகளைக் கொன்றவனும் ஒருவனே என்பது 2001-ல் டிஎன்ஏ ஒப்பீட்டில் தெளிவானது. பெயர் மட்டும் தெரியவில்லை. கோடிஸில் அவன் இல்லை. கான்ட்ரா கோஸ்டா மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் புலனாய்வாளர் பால் ஹோல்ஸ், ரே-வென்டரைத் தொடர்புகொண்டார். 1980-ல் வென்ட்சுராவில் தம்பதி கொல்லப்பட்டபோது சேகரித்த மாதிரி உறைநிலையில் கெடாமல் இருந்தது. அதைப் படித்து, வம்சாவளி ஆர்வலர் ஒருவரின் கணக்குபோல ஜெட்மேட்சில் ஏற்றினார்கள். தூரத்து உறவினர்கள் சிலர் வந்தார்கள். அவர்களிலிருந்து 1800களின் தொடக்கத்தில் வாழ்ந்த மூதாதையர்வரை ஏறி, மறுபடி கீழே இறங்கிப் பல மாதம் கொடிவழி எழுதினார்கள். வயது, வசித்த ஊர், கண்ணின் நிறம் என்று சல்லடை போட்டதில் மிஞ்சிய பெயர் ஜோசஃப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ. அவன் ஒரு முன்னாள் போலீஸ்காரன். கடையில் சுத்தியல் திருடியதற்காக 1979-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன். அவனுடைய கார்க் கதவின் கைப்பிடியிலும் குப்பையில் கிடந்த காகிதத் துடைப்பானிலும் ரகசியமாக மாதிரி எடுத்து, வழக்கமான தடயவியல் சோதனையில் உறுதிசெய்த பிறகே 2018 ஏப்ரல் 24 அன்று கைது செய்தார்கள். 2020-ல் 13 கொலைகளை ஒப்புக்கொண்டு, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றான்.

கைதுக்குப் பிறகு அரசுத் தரப்பு ஜெட்மேட்ச் பெயரை மட்டுமே சொல்லியது. ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ, மைஹெரிட்டேஜ் ஆகிய தளங்களிலும் அந்தக் கோப்பு பயனர்களுக்குத் தெரியாமல் தேடப்பட்டது 2020 இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் எழுதிய பிறகே வெளியே வந்தது. பிடிபட்டவன் எப்பேர்ப்பட்டவன் என்பதால் அன்று அதிகம் பேர் அதைக் கேள்வி கேட்கவில்லை.

டிஏஞ்சலோ கைதான அடுத்த மாதமே வெள்ளம்போல் வழக்குகள் வந்தன. வர்ஜீனியாவின் பாராபன் நானோலேப்ஸ் நிறுவனம் சீசீ மூர் என்ற வம்சாவளி நிபுணரைத் தலைவராக்கித் தனிப்பிரிவைத் தொடங்கியது. 1987-ல் வாஷிங்டன் மாநிலத்தில் கனடாவைச் சேர்ந்த இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கை அவர் ஒரு வார இறுதிக்குள் முடித்தார். தாய்வழியில் ஒருவர், தந்தைவழியில் ஒருவர் என இரு உறவினர்கள் கிடைத்தார்கள். இருவரின் கொடிவழிகளும் ஒரே தம்பதியில் சந்தித்தன. அந்தத் தம்பதிக்கு ஒரே மகன். லாரி ஓட்டுநரான வில்லியம் டால்பட்டின் வண்டியிலிருந்து விழுந்த காகிதக் கோப்பை மீதியை உறுதிசெய்தது. இந்த முறையால் சிக்கியவர்களில் ஜூரி முன் விசாரிக்கப்பட்டு 2019-ல் குற்றவாளி என்று தீர்ப்பான முதல் ஆள் அவன். அதே ஆண்டு ஐடஹோ ஃபால்ஸ் வழக்கும் தீர்ந்தது. கொலையுண்ட பெண்ணின் எதிர் வீட்டில் அப்போது குடியிருந்தவன், வீசிய சிகரெட் துண்டால் அகப்பட்டான். அவன் செய்த கொலைக்காக, போலீஸ் விசாரணையில் பெறப்பட்ட வாக்குமூலத்தின் பேரில் சுமார் இருபது ஆண்டு சிறையில் கழித்த வேறொருவர் குற்றமற்றவர் என்று 2019 ஜூலையில் அறிவிக்கப்பட்டார். இந்த முறையின் மதிப்பை அளக்க டிஏஞ்சலோவின் கைதைவிட இந்த அறிவிப்பே சரியான அளவுகோல்.

சம்மதம் பற்றிய கேள்வி வெடித்தது யூட்டா மாநிலத்தில். ஜெட்மேட்ச் தன் விதிகளில் கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் மட்டுமே காவல்துறைத் தேடலை அனுமதித்திருந்தது. 2018 நவம்பரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி தாக்கப்பட்டபோது, ரோஜர்ஸ் விதியை மீறி அனுமதித்தார். அவர் இரக்கத்தால் செய்ததாகவே இருக்கட்டும். பயனர்கள் கையெழுத்திட்ட விதி அது அல்ல. கண்டனம் வலுத்ததும் 2019 மே மாதம் தளம் தலைகீழாக மாறியது: தானாக முன்வந்து சம்மதம் சொல்பவர்களின் விவரம் மட்டுமே போலீஸுக்குத் தெரியும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் ஒரே நாளில் மறைந்துபோயின. ஆயினும் சில வாரங்களிலேயே ஃபுளோரிடாவில் ஒரு துப்பறிவாளர் நீதிபதியின் ஆணை பெற்று, சம்மதம் சொல்லாதவர்கள் உட்படத் தளம் முழுவதையும் தேடினார். 2020 ஜூலையில் ஊடுருவல்காரர்கள் தளத்தைக் குலைத்தபோது எல்லாக் கோப்புகளும் சில மணிநேரம் போலீஸ் பார்வைக்குத் திறந்தே கிடந்தன. ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ எஃப்பிஐயோடு கைகோத்திருந்தது 2019 தொடக்கத்தில் செய்தியானது. விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று அது பிறகு அறிவித்தது.

தனி மனிதர் விலகுவதால் பெரிய பயன் இல்லை என்பதை யானிவ் எர்லிக் குழுவினர் 2018-ல் சயின்ஸ் இதழில் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். 12.8 லட்சம் பேர் கொண்ட ஒரு தளத்தில் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கு ஒரே எள்ளுத் தாத்தா பாட்டியின் வழிவந்த உறவினரோ அதைவிட நெருங்கியவரோ இருப்பார். ஒரு மக்கள் கூட்டத்தில் இரண்டு சதவீதத்தினர் பதிந்தால் போதும், ஏறக்குறைய எல்லோரும் அகப்படுவார்கள். எச்சில் கொடுத்தவர் ஒருவர். வெளிப்படுபவர்கள் ஒரு குலம் முழுவதும்.

சட்டம் பின்னால்தான் வந்தது. அமெரிக்க நீதித்துறை 2019 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இடைக்கால வழிகாட்டுதல், கோடிஸில் தேடிய பிறகே இந்த முறைக்குப் போக வேண்டும், வம்சாவளி ஒற்றுமையை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்றது. மேரிலாந்து 2021-ல் நீதிபதியின் அனுமதியைக் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றியது. காவல்துறை தேடக்கூடும் என்று பயனர்களுக்கு வெளிப்படையாகச் சொன்ன தளங்களில் மட்டுமே தேடலாம் என்பதும் அதில் உண்டு. ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ போன்ற பெரிய நிறுவனங்கள் காவல்துறைக்குத் தங்கள் கதவைத் தாமாகத் திறப்பதில்லை. எனவே புலனாய்வு பெரும்பாலும் இரண்டு மூன்று சிறிய தளங்களை நம்பியே நடக்கிறது.

ஐரோப்பாவில் முதலில் வெற்றி கண்டது சுவீடன். 2004 அக்டோபரில் லின்ஷோப்பிங் நகரில் எட்டு வயதுச் சிறுவனும் 56 வயதுப் பெண்ணும் காலைவேளையில் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி கத்தியையும் தொப்பியையும் விட்டுவிட்டு ஓடியிருந்தான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் டிஎன்ஏ எடுத்தும் பயனில்லை. வம்சாவளி ஆய்வாளர் பீட்டர் ஷோலுண்ட் 2020-ல் கொடிவழி எழுதி இரண்டு சகோதரர்களிடம் வந்து நின்றார்; அவர்களில் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அது ஒரு சோதனை முயற்சி மட்டுமே. தொடர்ந்து பயன்படுத்தச் சட்ட அடிப்படை இல்லை என்று பிறகு நிறுத்திவைக்கப்பட்டது. கொலை, கொடிய பாலியல் வன்கொடுமை போன்ற கடுங்குற்றங்களுக்கு அதை அனுமதிக்கும் சட்டம் சுவீடனில் 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.